இரண்டு நிமிட ஹார்மோன், ஒரு வார ஊசி

2026 மார்ச் 20ஆம் தேதி செமாக்ளூடைட் என்ற மருந்தின் இந்தியக் காப்புரிமை முடிந்தது. அதுவரை ஓஸெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் விற்றுவந்த ஊசி மருந்து அது. காப்புரிமை முடிந்த கையோடு இந்திய நிறுவனங்கள் பல தத்தம் பெயரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தன. விலை இறங்கத் தொடங்கியது. அமெரிக்கப் பணக்காரர்கள் போட்டுக்கொள்ளும் ஊசி என்று செய்தியில் படித்துவிட்டு மறந்துபோன குடும்பங்களில் இப்போது 'நமக்கு ஒத்துக்கொள்ளுமா?' என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

அதற்கு விடை தேடுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை கிலோ குறையும் என்பதில்தான் தொடங்குகிறார்கள். நான் வேறிடத்தில் தொடங்க விரும்புகிறேன். இந்த மருந்தின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு ஏறக்குறைய முழுவதும் ஒரே சிக்கலோடு நடந்த மல்லுக்கட்டு: உடலுக்குள் இரண்டு நிமிடத்தில் சிதைந்துபோகும் ஒரு ஹார்மோனை எப்படி நீண்ட நேரம் நிலைக்க வைப்பது? மருந்தின் வெற்றி, பக்கவிளைவு, மாதச் செலவு, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கவலை எல்லாமே அந்த நேரக் கணக்கிலிருந்து கிளைப்பவைதான்.

குடல் சொல்லி அனுப்புவது

1960களில் ஆய்வாளர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். குளுக்கோஸை நேரடியாகச் சிரை வழியே ஏற்றினால் கணையம் சுரக்கும் இன்சுலினைவிட, அதே குளுக்கோஸை வாய்வழியாகக் குடிக்கும்போது சுரக்கும் இன்சுலின் கணிசமாக அதிகம். இரத்தத்தில் சர்க்கரை ஒரே அளவில் இருந்தாலும் இந்த வேறுபாடு இருந்தது. அப்படியானால் உணவு வந்துசேர்ந்ததைக் குடல் எப்படியோ கணையத்துக்குத் தெரிவிக்கிறது. அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் ஹார்மோன்களில் முதலாவதான ஜி.ஐ.பி. 1970களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் அது பெரிதாக வேலை செய்யவில்லை. இரண்டாவது ஒன்று இருக்க வேண்டும் என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது ஹார்மோன் ஒரு மீன் வழியாக வெளிச்சத்துக்கு வந்தது. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹேபனர் குளூக்ககான் என்ற ஹார்மோனின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாலூட்டிகளின் மரபணுக்களை வெட்டி ஒட்டும் ஆய்வுகளுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அதனால் அவருடைய குழு ஆங்லர் மீனை எடுத்துக்கொண்டது. தலையில் தூண்டில்போல ஒரு நீட்சி வைத்துக்கொண்டு இரையை ஏமாற்றுகிற கடல்மீன் அது. ஹார்மோன் சுரக்கும் திசு அதன் உடலில் தனி உறுப்பாகவே இருப்பதால் பிரித்தெடுப்பதும் எளிது. 1980களின் தொடக்கத்தில் அந்த மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, குளூக்ககானுக்குப் பக்கத்திலேயே அதைப் போன்ற இன்னொரு புரதத் துண்டுக்கான குறிப்பும் இருந்தது. பிறகு மனித மரபணுவிலும் அப்படிப்பட்ட துண்டுகள் கண்டறியப்பட்டன. அவற்றில் ஒன்றுதான் ஜி.எல்.பி-1.

மரபணுவில் எழுதப்பட்டிருக்கும் முழுநீளத் துண்டு கணையத்தில் எதையும் செய்யவில்லை. அதன் முன்பகுதியை வெட்டிவிட்டு மிஞ்சும் சிறு துண்டுதான் உண்மையான ஹார்மோன் என்று காட்டியவர், அதே மருத்துவமனையில் பணியாற்றிய வேதியியலாளர் ஸ்வெட்லானா மொய்சோவ். அந்தத் துண்டைத் தன் கையாலேயே தயாரித்து, அதை அடையாளம் காட்டும் எதிர்ப்புரதத்தையும் உருவாக்கியவர் அவர். 1987இல் வெளியான ஆய்வு, எலியின் கணையத்தில் மிக நுண்ணிய அளவிலேயே அது இன்சுலினைச் சுரக்கவைப்பதை நிறுவியது. ஏறக்குறைய அதே சமயத்தில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்ட்டின் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. ஆனால் காப்புரிமைகளில் முதலில் ஹேபனரின் பெயர் மட்டும் இருந்தது. மொய்சோவ் போராடித்தான் தன் பெயரைச் சேர்க்க வைத்தார். பத்திரிகைகள் அவரைக் கவனிக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 2024இல் ஹேபனருடனும் டென்மார்க்கின் லோட்டே பியர்ர க்னுட்சனுடனும் அவர் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். கடன் காலம் கடந்தாவது தீர்ந்தது.

ஜி.எல்.பி-1இன் குணம் மருத்துவர்களை மயக்கியதில் வியப்பில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மட்டுமே அது இன்சுலினைத் தூண்டும்; சர்க்கரை இறங்கியதும் தானே ஒதுங்கிக்கொள்ளும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு எப்போதும் இருக்கும் தாழ்சர்க்கரை மயக்கத்தின் பயம் இதில் மிகக் குறைவு. சர்க்கரை நோயாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் டி.பி.பி-4 என்ற நொதி அதை விட்டுவைப்பதில்லை. சுரந்த ஹார்மோனில் பெரும்பகுதி பொது இரத்த ஓட்டத்தைத் தொடுவதற்குள்ளேயே வெட்டுப்பட்டுவிடுகிறது; மிஞ்சியதன் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய இரண்டு நிமிடம். மருந்தாகத் தருவதென்றால் நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஆராய்ச்சிக்கு 1980களின் இறுதியில் பணம் கொடுத்த ஃபைசர் நிறுவனம், இன்சுலினைத் தவிர இன்னொரு ஊசியை நோயாளிகள் ஏற்கமாட்டார்கள் என்று கருதி 1991 வாக்கில் விலகிக்கொண்டது. மருந்துத் துறையின் பெரிய தவறான கணிப்புகளில் இதற்கு ஓர் இடம் உண்டு.

இரண்டு மணி, பதின்மூன்று மணி, ஏழு நாள்

வழிகள் இரண்டு இருந்தன. வெட்டுகிற நொதியை அடக்குவது ஒன்று. அதற்கான மாத்திரைகள்தான் 2006இல் தொடங்கி வந்த சிட்டாகிளிப்டினும் அதன் உறவுகளும். நம்மூரில் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் என்று 'கிளிப்டின்' எனமுடியும் ஏதாவது ஒரு பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். உடலே சுரக்கும் ஜி.எல்.பி-1ஐக் கொஞ்சம் கூடுதல் நேரம் வாழவிடுவதுதான் அவற்றின் வேலை. சர்க்கரை ஓரளவு கட்டுப்படும். உடல் எடையில் மாற்றம் இருக்காது.

இரண்டாவது வழி, வெட்டுப்படாத ஒரு நகலைச் செய்வது. இங்கே வருகிறது எல்லோரும் சொல்லும் பல்லிக் கதை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில் எக்ஸெண்டின்-4 என்ற பொருளை 1992இல் கண்டெடுத்தார். அது மனித ஜி.எல்.பி-1ஐப் பாதிக்கு மேல் ஒத்திருந்தது, டி.பி.பி-4 நொதியால் அதை எளிதில் வெட்ட முடியவில்லை. அதன் செயற்கை வடிவம் எக்ஸெனடைட் என்ற பெயரில் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரை ஆயுள் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாளைக்கு இரண்டு ஊசி.

பல்லி விஷத்திலிருந்து ஓஸெம்பிக் வந்தது என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். செமாக்ளூடைட் அந்தப் பல்லியின் வாரிசு கிடையாது. அது மனித ஹார்மோனிலேயே சில மாற்றங்கள் செய்து டென்மார்க்கில் உருவாக்கப்பட்ட தனி வழி. க்னுட்சனின் குழு, ஹார்மோனோடு ஒரு கொழுப்பமிலத்தை ஒட்டவைத்தது. இரத்தத்தில் நிறைந்திருக்கும் அல்புமின் என்ற புரதம் கொழுப்பமிலங்களைப் பிடித்துச் சுமந்து செல்லும் இயல்புடையது. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போகிறவனைப் போல, ஹார்மோன் அந்தக் கொழுப்பமில வாலால் அல்புமினைப் பற்றிக்கொள்கிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற முடியாது. நொதியும் எளிதில் நெருங்க முடியாது. இப்படிப் பிறந்த லிராகுளூடைட்டின் அரை ஆயுள் 13 மணி நேரம். ஐரோப்பாவில் 2009இலும் அமெரிக்காவில் 2010இலும் அது விற்பனைக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஓர் ஊசி போதும்.

அடுத்து வாலை நீட்டினார்கள். நொதி வெட்டும் இடத்தில் இருந்த ஓர் அமினோ அமிலத்தை அதனால் அடையாளம் காணமுடியாத ஒன்றாக மாற்றினார்கள். அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். அதுதான் செமாக்ளூடைட். 2017 டிசம்பரில் சர்க்கரை நோய்க்கும், 2021 ஜூனில் உடல் பருமனுக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. இரண்டு நிமிடத்தை ஏழு நாளாக இழுத்தது மருந்து வேதியியலின் அசாத்திய சாதனை. விருதுகளைப் பொருத்தவரை பல்லியைவிட இந்த வாலுக்கே அதிகம் கொடுக்க வேண்டும் என்பேன்.

2019இல் இதே மருந்து மாத்திரையாகவும் வந்தது, இந்தியாவுக்கு 2022இல். வயிற்று அமிலத்திலிருந்து காப்பாற்ற இன்னொரு வேதிப்பொருளைச் சேர்த்தும், விழுங்கியதில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் இரத்தத்தை அடைகிறது. அதனால் விதிகள் கறார்: வெறும் வயிறு, அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீர், பிறகு அரை மணி நேரத்துக்கு எதுவும் கூடாது. எழுந்ததும் காபிக்குக் கை நீளும் வீடுகளில் இந்த அரை மணி நேரம் லேசான காரியமில்லை.

பசி குறைவது எங்கிருந்து?

இந்த மருந்துகளைச் செய்தவர்கள் குறிவைத்தது கணையத்தை. எடை குறைந்தது வழியில் கிடைத்த வரவு. எலிகளின் மூளைக்குள் ஜி.எல்.பி-1ஐச் செலுத்தினால் அவை சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கின்றன என்று 1996இலேயே லண்டன் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். மனிதர்களில் அந்த விளைவின் வீச்சு, ஒரு வாரம் நிலைக்கும் மருந்து வந்த பிறகுதான் தெரிந்தது.

சாப்பிட்டபின் நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி-1 சில நிமிடங்களில் எழுந்து அடங்கிவிடும். அருகிலுள்ள நரம்புகளுக்குத் தட்டி அறிவிப்பதோடு அதன் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஊசி மருந்தோ வாரம் முழுவதும், இரவும் பகலும், உடல் ஒருபோதும் இயல்பாகக் காணாத அளவில் இரத்தத்தில் சுற்றுகிறது. மூளைத்தண்டிலும் ஹைப்போதலாமசிலும் பசியை ஆளும் இடங்களை எட்டுகிறது. சாப்பாட்டைப் பற்றிய இடைவிடாத நினைப்பு ஓய்ந்துவிட்டது என்று மருந்து எடுப்பவர்கள் பலர் சொல்வது இதனால்தான். 'உங்கள் உடலில் உள்ள இயற்கை ஹார்மோன்தான்' என்று இதை விற்பது பாதி உண்மை. 'இயற்கை ஓஸெம்பிக்' என்று சமூக ஊடகங்களில் விற்கப்படும் பொடிகளைப் பற்றிச் சொல்வதானால், அதில் பாதி உண்மைகூட இல்லை.

எண்களுக்கு வருவோம். 2021இல் வெளியான முக்கிய ஆய்வில் 1,961 பேர் பங்கேற்றனர். 68 வாரங்களில் செமாக்ளூடைட் எடுத்தவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்தின் டிர்செபடைட், முன்பு கைவிடப்பட்ட ஜி.ஐ.பி.யையும் ஜி.எல்.பி-1ஐயும் ஒரே மூலக்கூறில் சேர்த்துப் போலச்செய்கிறது. மௌன்ஜாரோ என்ற பெயரில் விற்கப்படும் அது, உச்ச அளவில் 72 வாரங்களில் 20.9 சதவீதம் வரை குறைத்தது. இரைப்பை அறுவை சிகிச்சையை நெருங்கும் எண் இது.

என்னைப் பொருத்தவரை எடையைவிட அர்த்தமுள்ள ஆய்வு 2023இல் வந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள, உடல் எடை மிகுந்த, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் செமாக்ளூடைட் சோதிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் தொடர்ந்து கவனித்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண். அதையே விரித்துச் சொன்னால், வெற்று ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 6.5 பேருக்கும் அந்தப் பாதிப்புகள் வந்தன. அதாவது ஏறத்தாழ 67 பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊசி போட்டால் ஒருவர் தப்பிக்கிறார். இதய மருந்துகளில் இது நல்ல பலனே. ஆனால் அந்த 67 பேரின் மருந்துச் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

2024இல், சர்க்கரை நோயோடு சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 3,533 பேரிடம் நடந்த ஆய்வில் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட கடுமையான விளைவுகள் 24 சதவீதம் குறைந்தன. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்கு டிர்செபடைட்டும், கொழுப்பினால் வீங்கும் கல்லீரல் நோய்க்குச் செமாக்ளூடைட்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்த வரிசையைப் பார்த்து எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்ற உற்சாகம் கிளம்பியது. 2025 நவம்பரில் அதற்குக் கடிவாளம் விழுந்தது: ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகள் சுமார் 3,800 பேரிடம் நடத்திய ஆய்வுகளில் செமாக்ளூடைட் நோயின் போக்கைத் தடுக்கவில்லை. அதே ஆண்டில் பார்கின்சன் நோயில் எக்ஸெனடைட்டும் தோற்றிருந்தது.

நிறுத்தினால்

ஒரு வாரம் நிலைக்கும் மருந்து, நிறுத்திய சில வாரங்களில் உடலை விட்டு முழுவதுமாகப் போய்விடும். பசி திரும்பும். முன்சொன்ன 2021 ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை மருந்தை நிறுத்திய பிறகும் ஓராண்டு கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குறைந்திருந்த இரத்த அழுத்தமும் பழைய நிலைக்கு ஏறியது. இதை மருந்தின் தோல்வி என்று சொல்வது நியாயமாகாது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் மாத்திரையின் குற்றமாகச் சொல்வதில்லை. ஆனால் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஊசி போட்டு இளைத்துவிடலாம் என்று நினைப்பவர்களிடம் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும். மருந்தின் அளவையே 0.25 மில்லிகிராமில் தொடங்கி 16 வாரங்களில் படிப்படியாக உயர்த்தித்தான் முழு அளவான 2.4 மில்லிகிராமுக்கு வருகிறார்கள். அந்த மூன்று மாதத்தில் அவர்கள் பாதி வழியில்தான் இருப்பார்கள்.

அவசரமாக அளவை ஏற்றினால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல். இரைப்பை மெதுவாகக் காலியாவதும் இவற்றுக்கு ஒரு காரணம். பலருக்குச் சில வாரங்களில் தணியும், சிலருக்குத் தணியவே தணியாது. பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். சர்க்கரை நோயால் விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது பாதிப்பு மோசமாக வாய்ப்பு உண்டு. எனவே தொடங்கும் முன் கண் பரிசோதனை அவசியம். பார்வை நரம்பில் திடீரென இரத்த ஓட்டம் தடைபடும் ஒரு பாதிப்பை, பத்தாயிரத்தில் ஒருவர் வரை வரக்கூடிய மிக அரிய பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் சேர்த்தது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் இரண்டு மாதம் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும் என்பதால், மயக்க மருந்து நிபுணரிடம் இந்த ஊசியைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம்விட இந்தியர்களுக்குப் பொருந்துகிற ஒரு கவலை தசையைப் பற்றியது. குறையும் எடை முழுவதும் கொழுப்பு கிடையாது. கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடை என்று இந்த மருந்துகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. தசை வளமாக உள்ள ஓர் அமெரிக்கருக்கு இது தாங்கக்கூடிய இழப்பாக இருக்கலாம். நம் நிலைமை வேறு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்பு மிகுந்து தசை குன்றியிருப்பது தெற்காசிய உடலின் பொதுவான அமைப்பு. போதாக்குறைக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, நம் உணவின் கலோரிகளில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகவும் புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான் என்றும் 2025இல் சொன்னது.

சாப்பாடு பாதியாகக் குறையும்போது முதலில் தட்டிலிருந்து போவது எது என்று யோசித்துப் பாருங்கள். சோற்றையோ இட்லியையோ வைத்துக்கொண்டு, பருப்பையும் முட்டையையும் தொடாமல் எழுந்துவிட்டால், மருந்து தசையைக் கரைக்க நாமே துணைபோவதாக ஆகும். புரதத்தைக் கூட்டுவதும் தசைக்கு வேலை கொடுக்கும் உடற்பயிற்சியும் இந்தச் சிகிச்சையின் பகுதிகளே. மருந்துச் சீட்டோடு அதைச் சொல்லி அனுப்பும் அளவுக்கு நேரமுள்ள மருத்துவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

விலையும் வரிசையும்

2025 மார்ச்சில் மௌன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒரு குப்பி. ஜூனில் வந்த வெகோவியின் உச்ச அளவுக்கு மாதம் 26,015 ரூபாய், அதாவது ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். காப்புரிமை முடியும் நாள் நெருங்க நெருங்க நோவோவின் மனம் இளகியது. நவம்பரிலேயே வெகோவியின் உச்ச அளவு மாதம் 16,400 ரூபாய்க்கு இறங்கியது. டிசம்பரில் ஓஸெம்பிக் தொடக்க அளவு வாரம் 2,200 ரூபாய் என்ற விலையில் அறிமுகமானது. அமெரிக்காவில் 2025இல் வெகோவியின் பட்டியல் விலை மாதம் 1,349 டாலராக இருந்தது. இந்த விலைக்கும் தயாரிப்புச் செலவுக்கும் என்ன தொடர்பு? லாபத்தையும் சேர்த்து ஒரு மாத ஓஸெம்பிக்கை 0.89 முதல் 4.73 டாலருக்குள் தயாரிக்க முடியும் என்று 2024இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நோவோ நார்டிஸ்க்கின் சந்தை மதிப்பு 2023இல் டென்மார்க்கின் ஆண்டு மொத்த உற்பத்தியையே தாண்டியதற்கு விளக்கம் இந்த இடைவெளியில் இருக்கிறது.

அதே நிறுவனம் கனடாவில் சில நூறு டாலர் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டு, அங்கே செமாக்ளூடைட் காப்புரிமையை இழந்தது என்பது இந்தக் கதையின் வேடிக்கையான கிளைக்கதை. 2023க்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் நோவோவுக்கு எதிராகக் காற்று திரும்பியது. போட்டியில் எலை லில்லி முந்தியது. 2025இல் நோவோ தலைமை அதிகாரியை மாற்றியது, 9,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், காப்புரிமை இல்லாத நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதற்காக டாக்டர் ரெட்டீஸ் என்ற இந்திய நிறுவனம் செமாக்ளூடைட் தயாரிப்பதைத் தடுக்க மறுத்துவிட்டது.

வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019இல் முடிந்தபோது டஜன் கணக்கில் தயாரிப்புகள் வந்து விலை சரிந்தது. அதே வேகத்தை இதில் எதிர்பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். மாத்திரையைப் போலப் புரத ஊசியை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. மருந்துக்கு நிகராக அதைச் செலுத்தும் பேனாவும் தேவை. குளிர்ச்சி குறையாத வண்டியும் கடையும் தேவை. பிரிக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கியபின் 30 டிகிரி வரை வெளியில் வைக்கலாம் என்கிறது உறையிலுள்ள குறிப்பு. டென்மார்க்கில் எழுதப்பட்ட குறிப்பு அது. மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ 30 டிகிரியில் இருக்கும் அலமாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியே வழி.

மலிவான மருந்து வந்தால் போலியும் வரும். போலி செமாக்ளூடைட் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனிலேயே எச்சரித்துவிட்டது. விளம்பரத்தைப் பொருத்தவரை நம் சட்டம் பழையது, ஆனால் கூர்மையானது: 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம், உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே மருந்தின் பெயரைச் சொல்லாமல் உடல் பருமன் 'விழிப்புணர்வு' பரப்பும் விளம்பரங்களைக் கண்டால், பணம் கொடுத்தது யார் என்று பார்ப்பது நல்லது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் 2023இல் மதிப்பிடப்பட்டது. புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் சர்க்கரை நோய். இவர்கள் எல்லோருக்கும் வார ஊசி போட எந்த அரசாலும் முடியாது, தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தபோதே ஆளை வரையறுத்துவிட்டது: சர்க்கரை நோயும் உடல் பருமனும் இருந்து, அதோடு இதய நோயோ நாள்பட்ட சிறுநீரக நோயோ உள்ளவர்கள்.

தமிழ்நாட்டில் இதை யோசிப்பதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களிலிருந்து இயங்குகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. யாருக்கு என்ன நோய் என்ற பதிவேடு அதன் கையில் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் டயாலிசிஸ் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. எனவே முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்: சர்க்கரையால் சிறுநீரகம் கெடத் தொடங்கிய ஒருவருக்கு வாரம் ஓர் ஊசியை ஆண்டுக்கணக்கில் வாங்கித் தருவதா, அல்லது அவர் டயாலிசிஸுக்கு வந்தபின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதற்குச் செலவிடுவதா? 2025 விலையில் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. காப்புரிமை முடிந்தபின் நகல் மருந்து செய்யும் ஜெனரிக் நிறுவனங்கள் சில்லறைக் கடைக்குச் சொல்லும் விலையும் போதாது. அரசின் டெண்டரில் பல லட்சம் பேனாக்களுக்கு என்ன விலை கேட்பார்கள் என்பது தெரிந்தால்தான் விடை கிடைக்கும்.